மூடி

படிவத்தில் ஏழாம் கட்டம்:
'முடிவெடுத்தோர் பெயர்.'
அதை நிரப்பிக்கொண்டு வரத்தான்
இக்ஸோப்போவிலிருந்து மேலே, செம்மண் பாதையில்
இரண்டு மணி நேரம் குலுங்கிப் போனேன்.

மாட்டுப்பட்டிக்கு வெளியே வட்டமாக ஆண்கள்.
யூக்கலிப்டஸ் கம்பெனிக்காரன் வரைபடத்தை விரித்து
நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்தான்.
மலையின் தென்சரிவு. இருபது வருடக் குத்தகை.
இண்டூனா சிபியா நன்றாகவே பேசினார்:
வேலை, சாலை, பள்ளிக்கூடத்துக்கு ஒழுகாத கூரை.
யாரும் மறுக்கவில்லை.
நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

சற்றுத் தள்ளி, சோளக்கள் பானையோடு மாக்வாலா.
இறந்துபோன தலைவரின் தங்கை.
கட்டிக்கொடுத்த ஊரிலும்
பிறந்த குலத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம்.
(என் அடையாள அட்டையில் 'திருமதி பிள்ளை' என்றிருக்கும்.
பிள்ளை, என் மாமனார்.)

கம்பெனிக்காரன் கைகுலுக்க எழுந்தபோது
அவளும் எழுந்தாள்.
நுரை இன்னும் அடங்கவில்லை.
புல்லில் பின்னிய மூடியை எடுத்து
பானையை மூடினாள்.

அவ்வளவுதான்.

யாரும் குடிக்கவில்லை.
செத்தவர்களுக்கும் ஒரு சொட்டு ஊற்றவில்லை.
இண்டூனா தொண்டையைச் செருமி,
'இந்த மழைக்காலம் போகட்டும்' என்றார்,
காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர் போல.
கல்லை எடுத்ததும் வரைபடம்
தானே சுருண்டுகொண்டது.

கரும்புத் தோட்டத்தில் பொறுக்கிய என் அரைகுறை ஜூலுவில்
ஏன் என்று கேட்டேன்.
'அந்த மரம் எவ்வளவு குடிக்கும் தெரியுமா?
எங்கள் ஊற்றை விடக் கொஞ்சம் கூடுதலாக.'
வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே?
'சொன்னேனே' என்றாள்.

கட்டத்துக்குள் ஐந்து ஆண்களின் பெயர்,
ஐந்தே கோடுகள்.
ஓரத்தில் பென்சிலால் அவள் பெயரை எழுதினேன்.
திங்கட்கிழமை ஆபீசில்
யாரோ ரப்பரால் துடைத்திருந்தார்கள்.
காகிதம் அந்த இடத்தில் மட்டும் மெலிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு, வெருலத்தில் எங்கள் கோயில் கமிட்டி.
தேர் திரும்பும் அந்தத் துண்டு நிலத்தை
கார் நிறுத்தக் கொடுத்துவிடலாமா என்று
ஒன்பது வேட்டிகள் பேசின.
ஓரத்தில் டீப் பாத்திரம். பக்கத்தில் நான்.
கையில் மூடி, விரலைச் சுட்டது.
எந்தச் சொல்லுக்குப் பிறகு மூட வேண்டும்?
அதை அவளிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.

செயலாளர் கோப்பையை நீட்டினார்:
'சர்க்கரை கொஞ்சம் தூக்கலா, திருமதி பிள்ளை.'

போட்டேன்.