நீர் பீச்சும் மட்டிகள்

ஆரோசா கழிமுகத்தில் இன்று வற்றம்
காலை ஆறு நாற்பதுக்கு.
தொடை வரை ரப்பர், கையில் வாரி,
பதினோரு பெண்கள்.

மட்டியைக் கண்டுபிடிப்பது எளிது.
காலடி அதிர்ந்தால் போதும்,
பயத்தில் ஒரு சொட்டு நீரைப் பீச்சும்.
அங்கே தோண்டு.

சபேலா கதை சொன்னாள்:
பாதிரியார், அவருடைய ஆடு, பாதியில் நின்ற பாவமன்னிப்பு.
குலுங்கிச் சிரித்தோம்.
சிரிப்பின் நடுவே எத்தனை பேர் சட்டென்று
தொடையை ஒட்டிக்கொண்டார்கள் என்று
யாரும் எண்ணவில்லை.
நான் எண்ணினேன். ஏழு.
என்னையும் சேர்த்து.

ரப்பருக்குள் நனைந்தால்
கடல் என்று சொல்லிக்கொள்ளலாம்.
மூன்று வருடம் சொல்லிக்கொண்டேன்.
கடலும் மறுக்கவில்லை.

மாதவிலக்கு நின்ற வருடம் தூக்கம் போனது.
பிறகு தோள்பட்டை மடக்கமாட்டேன் என்றது.
பிறகொரு நாள்
முப்பது கிலோ மூட்டையைத் தூக்கும்போது
கீழே ஏதோ.
கதவு திறந்ததுபோல் அல்ல,
கதவு தன் கீலை மறந்ததுபோல்.
குளிக்கையில் தொட்டுப் பார்த்தேன்.
கோழிமுட்டை அளவு. வெதுவெதுப்பு.
என்னுடையது.

ஷுர்ஷோவிடம் முதுகுவலி என்றேன்.
தைலம் தேய்த்தான், பாவம்,
முதுகில்.

போன்தெவெத்ராவில் இரியா,
இயன்முறை மருத்துவர், என் மகளைவிடச் சின்னவள்,
கையுறை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
கருப்பையையும் சிறுநீர்ப்பையையும்
தாங்கிக் கட்டியிருக்கும் இழைகள்,
ஈஸ்ட்ரோஜன் வற்றியதும்
கொலாஜன் மெலிந்து, கட்டு தளர்ந்து...

வற்றம் எனக்குத் தெரியும்.
நாளுக்கு இரண்டு முறை வரும்,
திரும்பப் பெருகும்.
இது பெருகாதா என்றேன்.
பெருகாது என்றாள்.
பொய் சொல்லாததால் அவளைப் பிடித்துப்போயிற்று.

சிலிக்கன் வளையம் ஒன்றைப் பொருத்தினாள்,
இரவில் தடவ ஒரு களிம்பு.
'சிப்பி மூடுவதுபோல் உள்ளுக்குள் இறுக்குங்கள்,
பத்து எண்ணுங்கள், பிறகு விடுங்கள்.
விடுவதும் பயிற்சிதான்.'

சிப்பி மூடுவதை எனக்கா சொல்லித்தருகிறாய், பெண்ணே?
முப்பத்தொரு வருடம்
மூடிய ஓடுகளோடுதான் பிழைப்பு.
இறுக்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலில் நழுவிற்று.
மட்டி, என்று
என்னையே திட்டிக்கொண்டேன்.

இப்போது மூட்டையை இரண்டாகப் பிரித்துச் சுமக்கிறேன்,
நடை இருமடங்கு.
சோம்பேறி என்கிறான் தராசுக்காரன்.
என்கட்டும்.

இன்று எடை வரிசையில்
எனக்கு முன்னால் சபேலா.
பேச்சை நடுவில் நிறுத்திவிட்டாள்,
பார்வை படகுகளைத் தாண்டி எங்கோ,
மூச்சு அடக்கம், உதடு மட்டும் லேசாய் அசைகிறது.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
கண்ணாடியில் தினம் பார்ப்பது.

எத்தனை, என்றேன் மெதுவாக.

அவள் திரும்பவில்லை.
'ஆறு' என்றாள்,
'பேச்சுக் கொடுக்காதே.'