தொண்டை வாடகைக்கு

காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை
களஞ்சியத்துக்கு.
மூன்று மணிக்கு மேல் சீனி இபுராகிமுக்கு.
நடுவில் ஆட்டோ பிளெக்ஸை அவிழ்த்து
மறுபக்கம் திருப்பிக் கட்டக் கால் மணி,
பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்ள
இன்னொரு கால் மணி.
'அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே' மட்டும்
இருவருக்கும் பொது.

ஏழாம் வார்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு.
நாற்பது பேர் கத்தாரில்.
பதினோரு பேர் மண்ணுக்குள்,
பட்டியலில் மட்டும் இன்னும் மூச்சோடு.
மற்றவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும்,
எந்த வீட்டு நாய்
ஸ்பீக்கருக்குக் குரைக்கும் என்பது வரைக்கும்.

களஞ்சியம் போன தடவை
இபுராகிம் இப்போது இருக்கிற கட்சி.
இபுராகிம் அதற்கு முந்தின தடவை
களஞ்சியத்தின் கட்சி.
எதிரெதிரே வந்தால் 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் வாய் தவறி
காலைச் சின்னத்தையே சொல்லிவிட்டேன்.
ஐஸ் பிளான்ட் வாசலில் சிரித்தார்கள்.
இபுராகிம் கோபப்படவில்லை.
"விடுப்பா, எனக்கே சில நேரம் வந்துருது."

சுயேச்சையாக ஒருத்தி நின்றாள், நம்புஈஸ்வரி.
நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிற வேலை.
சீப்புச் சின்னம்.
மைக்குக்குக் காசில்லை.
ஓடு கீறிய விரல்களோடு வீடு வீடாகப் போய்
பேசாமல் ஒரு சீப்பைத் தூக்கிக் காட்டினாள்.
பெண்கள் தங்கள் தலையைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

வாடை ஓய்ந்த ராத்திரி கவர் வந்தது,
ஒரே கதவை இரண்டு தடவை தட்டி.
என் கதவையும்.
வாங்கினேன்.
இரண்டையும் வாங்கினேன்.
இதைச் சொல்ல மட்டும் யாரும் கூலி தரவில்லை.

எண்ணி முடித்தார்கள்.
களஞ்சியம் நூற்று எழுபத்தெட்டு.
இபுராகிம் நூற்று எழுபத்தெட்டு.
சீப்பு அறுபத்தொன்று.

அதிகாரி இரண்டு சீட்டை மடித்து
எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்.
ஐந்து வருஷத்துத் தெருவிளக்கும் சாக்கடையும்
சத்தமே இல்லாமல் உருண்டன.
களஞ்சியம் வந்தார். வெடி வெடித்தது.

தலைவர் பதவிக்கு ஏழுக்கு ஏழு,
நடுவில் களஞ்சியம் ஒருத்தர்.
ஒரு வேன் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனது.
திரும்பி வந்து இறங்கியபோது
துண்டின் கரை மாறியிருந்தது.
ஜெயித்த ஆளோடு சேர்ந்து
தோற்ற கட்சியும் ஜெயித்தது.
மாலை போடச் சொல்லி
இபுராகிமைத்தான் முன்னால் தள்ளினார்கள்.
போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.
"மூணு வாரமா நீ யாரப்பா திட்டிக்கிட்டு இருந்த?"

மறுநாள் விடியுமுன்னே
கம்பங்களில் ஒரு கொடி இல்லை.
நல்ல துணி. நண்டு வலைக்கு மிதவைக் கொடி வேண்டுமே.
இப்போது கரையிலிருந்து பார்த்தால்
தெர்மாகோலில் குத்திய மூங்கில்களில்
இரண்டு கட்சியும் ஆடுகின்றன.
அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்:
கீழே வலை கிடக்கு, ஒதுங்கிப் போ.
நம்புஈஸ்வரியின் வீட்டுக்காரன்
ஒரே கம்பில் ரெண்டையும் கட்டியிருக்கிறான்.
தூரத்திலிருந்து தெரிய வேண்டுமாம்.

அவள் கம்பெனி வேனுக்கு நின்றுகொண்டிருந்தாள்.
தெருவில் போகிற வருகிற தலைகளை
எண்ணுகிற மாதிரி ஒரு பார்வை.
அறுபத்தொன்று யார் யார் என்று
அவளுக்கு ஒரு கணக்கு.
அறுபதுவரை வந்துவிட்டதாம்.
"அண்ணே, நீங்க எதுல போட்டீங்க?"

எனக்குக் குரல் எழும்பவில்லை.
மூன்று வாரம் கத்தியதில்
தொண்டை கட்டியிருந்தது,
அவ்வளவுதான்.