காதுக்குறிப் புத்தகம்

தார்ன்பரோ மாவட்டத்தின் முதல் புத்தகத்தில்
முதல் பக்கம் சட்டம் அல்ல, மாடு.

ஹெஸகியா ப்ரூயிட்: வலக்காதில் அரைப்பிறை, இடக்காது முழுசு.
யோஸ்ட் ஹைனெமன்: இரண்டு காதிலும் மீன்வால் வெட்டு.
கெசையா ட்ராட்டர், விதவை: இடக்காதில் ஒரு துளை, கீழே ஒரு கீறல்.

எழுதியது நான்.
கூலி ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு புகையிலை,
அதிலும் பாதி ஈரம்.

வேலி இல்லாத காடு.
பன்றியும் பசுவும் போன இடமெல்லாம் மேய்ச்சல்.
கடவுளும் காதைப் பார்த்துத்தான் கணக்கு வைக்கிறார்
என்பான் ஹைனெமன். சிரிப்போம்.

தனி மாவட்டம் கேட்டு மனுப் போட்ட கதை வேறு.
பழைய நீதிமன்றம் எழுபது மைல், நடுவில் இரண்டு ஆறு.
ஜூரியாக உட்காரப் புறப்பட்ட ட்ராட்டர்
இரண்டாவது ஆற்றோடு போனான்.
குதிரை மட்டும் திரும்பி வந்தது,
சேணம் வயிற்றுக்கடியில் தொங்க.
மனுவில் அவனை நான்காவது காரணமாகச் சேர்த்தேன்.
முதல் மூன்று: வரி, வரி, பாலம்.

எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல்குறி போட்டார்கள்.
கெசையா இறகை வாங்கி ஒரு காது வரைந்தாள்.
துளை. கீழே ஒரு கீறல்.
இது என்ன என்றேன்.
"என் மாடு தொலைந்தால்
இதைப் பார்த்துத்தானே கொண்டுவந்து விடுகிறீர்கள்?"

ஆளுநர் சம்மதித்தார்.
இந்தத் திசையில் தலைவைத்தும் படுத்திராத
ஒரு பிரபுவின் பெயரைச் சூட்டினார்.

பிறகு எல்லை.
சர்வேயர் குதிரைமேல்.
சங்கிலியின் முன்முனை குவாமினோ கையில்,
ப்ரூயிட்டின் அடிமை.
அறுபத்தாறு அடி, இழு, குச்சியை ஊன்று,
மறுபடியும் அறுபத்தாறு அடி.
சதுப்பில் இடுப்பளவு தண்ணீர், கோடு கோணவில்லை.
வெள்ளை ஓக் மரத்தில் மூன்று வெட்டு,
அங்கிருந்து ஓடை, ஓடையிலிருந்து பீச் மரங்கள்.

பீச் மரங்களை யார் வைத்தது?
வரிசையாய் நின்றன. பழம் கொட்டிக் கிடந்தது.
கரிந்த அடுப்புக்கல் இருந்தது,
சோளம் விதைத்த மேடுகள் இருந்தன.
சபோனிகள், என்றான் குவாமினோ.
பழைய வயல் என்று எழுது, என்றார் சர்வேயர்.
எழுதினேன்.
பழம் நல்ல இனிப்பு. எல்லோரும் தின்றோம்.

முதல் நீதிமன்றம் கெசையாவின் சத்திரத்தில் கூடியது.
நீதிபதிகள் ஐவர், நாற்காலி மூன்று.
ஓநாய்த் தலைக்கு என்ன விலை என்று
மதியம்வரை வாதாடினார்கள்.

மூன்றாம் வழக்கு ஒரு பன்றித்தலை.
குவாமினோ குடிசைக்குப் பின்னால் கிடந்தது, காதுகள் இல்லை.
காது இல்லாவிட்டால் களவு; சட்டம் அப்படி.
அவன் சொன்னதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை,
அதனால் எனக்கு அது நினைவில்லை.

இல்லை, இருக்கிறது.
ஓநாய், என்றான்.

தண்டனைத் தூண் இன்னும் நட்டிருக்கவில்லை.
கதவு நிலை போதும் என்றார்கள், ஆணி இருந்தது.
என் கதவில் வேண்டாம், என்றாள் கெசையா.
வேறு கதவு தேடிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்:
மற்ற வீடுகளுக்கெல்லாம் அப்போது மான்தோல் திரைதான்.
அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.
நான் போகவில்லை.
எழுத்தர் இருந்தாக வேண்டும்.

இரவு தீர்ப்பை ஏற்ற உட்கார்ந்தேன்.
ஆணைப் புத்தகம் ஒன்று, காதுக்குறிப் புத்தகம் ஒன்று,
இரண்டும் ஒரே தோல், ஒரே கனம்.
மை காய்ந்த பிறகுதான் பார்த்தேன்.
ப்ரூயிட் என்ற பெயருக்கு நேர் கீழே, என் கையெழுத்தில்:
வலக்காது முழுசு, இடக்காது இல்லை.

கத்தியால் சுரண்டினேன்.
எழுத்து போகும்முன் தாள் போய்விட்டது.
அந்த இடத்தில் மெழுகுவர்த்தியைப் பிடித்தால்
அடுத்த பக்கத்து மாடு தெரிகிறது.

விடிந்ததும் ஹைனெமன் வந்தான்,
மருமகனுக்குப் புதுக்குறி பதிய.
மீன்வால்தான், ஆனால் ஒரு காதில் மட்டும்.
எந்தக் காது, என்றேன்.