வலது கீழ் மூலை

பாய்சாந்தூவில் ஜூலை மாதம் ரப்பர் வளையாது.
விடிகாலையிலேயே அதை
அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் போட்டுவைத்தேன்,
நனைந்த சாரைப்பாம்பைக் காயப்போட்டதுபோல.
பத்து மணிக்கு வில்மார் வந்தான்.
ஒன்பது மாதமாக அவன் என் கணவன் இல்லை.
"உள்ளே வரலாமா?" என்று வாசலில் நின்றே கேட்டான்.
அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்தியவனே அவன்தான்.

ஓப்பல் ரெக்கார்ட், ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி.
தீர்ப்பில் அதற்கு ஒரே வரி: ஆளுக்குப் பாதி.
அறுக்க முடியாது, விற்கலாம்.
சால்தோவில் ஒரு பல் டாக்டர் வாங்கத் தயார்.
மழையில் ஒழுகக் கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஒழுகும்.
பதினோரு வருஷம் என் வலது முழங்காலில்தான் ஒழுகியது.
"துணி வைத்துக்கொள் நெலிதா" என்பான்,
சாலையிலிருந்து கண் எடுக்காமல்.

பழைய ரப்பரைக் கத்தியால் பெயர்த்தோம்,
கருவாடு மாதிரி ஒடிந்து ஒடிந்து வந்தது.
அடியில் சட்டம் நெடுக துரு.
மூலையில் என் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.
"இதை நீ பார்க்கவே இல்லையா?"
"ரப்பருக்குக் கீழே இருப்பதை யார் பார்ப்பார்கள்?"
அதற்குப் பிறகு உப்புத்தாள் மட்டும் பேசியது.
தகரத்துண்டு வைத்துப் பற்றவைத்தான்.
நான் சிவப்பு பிரைமர் பூசினேன்.
அது காயும்வரை
ஒரே சுரைக்குடுக்கையில் மாத்தே குடித்தோம்,
ஒரே குழலில், மாற்றி மாற்றி.
வக்கீல்கள் அதைப் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தார்கள்.

கண்ணாடி மொந்தெவிதேயோவிலிருந்து பஸ்ஸில் வந்தது.
என் தங்கை ஒதீலியா அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து,
கம்பளி போர்த்தி, ஜன்னல் ஓரம் உட்கார்த்தி,
ஐந்து மணி நேரம் தான் கால் நீட்டாமல் வந்தாள்.
உடைத்தால் எங்கள் இருவரையும் கொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

கண்ணாடிக்கு ரப்பரை மாட்டி,
ரப்பரின் பள்ளத்தில் சுற்றிலும் நைலான் கயிறு திணித்து,
இரண்டு நுனியும் கீழே நடுவில் தொங்க,
பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தாராளமாகத் தடவி —
அவன் வெளியே,
நான் வண்டிக்குள் சீட்டின்மேல் முட்டிபோட்டு.
நான் கயிற்றை இழுத்தால்
ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே மடியும்.
அதே நொடி, அதே இடத்தில்
அவன் உள்ளங்கையால் தட்ட வேண்டும்.
நான் முந்தினால் உதடு கிழியும்.
அவன் முந்தினால் ஒதீலியா.

"இடது" என்கிறான்.
அவனுக்கு இடது, எனக்கு வலது.
கால் மணி நேரம் எதிரெதிர் மூலைகளில் நின்று
ஒருவரையொருவர் திட்டினோம்,
பாதி வசவு கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
பிறகு சொல்லை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தோம்.
அவன் கை வந்த இடத்துக்கு என் கயிறு போனது.
கீழ் விளிம்பு, மூலைகள், பக்கங்கள்.
கடைசியில் மேலே, நடுவில்,
பளக்.
வண்டிக்குள் காற்று சட்டென்று அசையாமல் நின்றது.

விளிம்புக்குள் கருப்புப் பசை ஏற்றி,
குழாயைத் திறந்து பீய்ச்சி அடித்தான்.
நான் உள்ளே.
தண்ணீருக்கு அப்பால் அவன் வாய் அசைந்தது.
'ஒழுகுதா' என்றுதான் கேட்டிருப்பான்.
வேறெதுவும் இருந்திருக்கலாம்.
மூலையையே பார்த்தேன். காய்ந்திருந்தது. காய்ந்திருந்தது.
பிறகு ஒரு சொட்டு.
சட்டைக் கையால் துடைத்திருக்கலாம்,
வியாழக்கிழமை டாக்டர் வருகிறார்.
விரலால் கண்ணாடியைத் தட்டினேன்: இங்கே.
வெளியிலிருந்து அதே இடத்தில் அவன் விரல் வைத்தான்.
குளிர்ந்த கண்ணாடி, நாலு மில்லிமீட்டர்,
அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

மறுபடி பசை. மறுபடி தண்ணீர்.
இந்த முறை சொட்டவில்லை.
நான் உடனே கை காட்டவில்லை.
அவனும் குழாயை மூடவில்லை,
முற்றம் முழுக்க சோப்பு நுரை ஓடியது.

வண்டி போய்விட்டது. பணம் சரிபாதி.
கயிறு என்னிடம் தங்கியது, அதில் துணி காயப்போடுகிறேன்.
மழை நாளில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால்
வலது முழங்கால்
தானாகக் கொஞ்சம் விலகிக்கொள்கிறது.