பதினாறு ஆம்பியர்

இஸ்ஸிக்-குல் ஏரிக்கரையில்
ஐந்து நாள் தலைமைப் பண்பு முகாம்.
கட்டணம் பன்னிரண்டாயிரம் சோம்.
சுவரொட்டியில் ஒருத்தி கையை உயர்த்தியிருந்தாள்,
போகிற பேருந்தை நிறுத்துகிறவள் மாதிரி.

என் பையில் நானூற்றுப் பத்து.
அதிலும் நாற்பது
சோல்பொனுக்குத் தரவேண்டியது.

நரின் நகரில் அன்றைக்கு மைனஸ் இருபத்திரண்டு.
விடுதியின் மூன்றாம் மாடி. பதினொரு அறை.
அறைக்கொரு கெட்டில்,
அத்தனைக்கும் சேர்த்து ஒரு ஃபியூஸ்.
கெட்டில் ஒன்று ஒன்பது ஆம்பியர் இழுக்கும்,
ஃபியூஸ் தாங்குவதோ பதினாறு.
இரண்டு போட்டால் முனகும்.
மூன்று போட்டால் போய்ச் சேரும்.
தினமும் மாலை ஏழு மணிக்குப்
போய்ச் சேர்ந்தது.

இருட்டில் பதினொரு கதவும் திறக்கும்.
பதினொரு கதவும் சொல்லும்:
நான் இல்லை.

போன வருட நாட்காட்டியின் முதுகில்
கோடு கிழித்தேன்.
இரண்டு அறைக்குப் பத்து நிமிடம்,
அப்புறம் அடுத்த இரண்டு.
ஒட்டப் பசை இல்லை.
உல்கன் ஒரு கரண்டி மாவைக் காய்ச்சித் தந்தாள்.
மொத்தச் செலவு அந்த மாவுதான்.

யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை.
பென்சில் என் கையில் இருந்தது, அவ்வளவே.

கதவு கதவாகத் தட்டினேன்.
"உனக்கு யார் கொடுத்த அதிகாரம்?" என்றாள்
எட்டாம் அறை ஜிபெக்.
எனக்கும் தெரியவில்லை.
"உனக்கு எத்தனை மணிக்குத் தேநீர் வேண்டும்?"
என்று கேட்டுவைத்தேன்.
படாரென்று சாத்தினாள்.
சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து
"எட்டே கால்" என்றாள்.

நூரைய்யம் மருத்துவமனைச் சமையலறையில்
பாத்திரம் கழுவிவிட்டுப் பத்தரைக்குத்தான் திரும்புவாள்
என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.
ஒன்றரை வருடமாக எதிர் அறை.

அவளுக்காக ஒரு கட்டத்தை அழித்தேன்,
அந்தக் கட்டத்துக்காக இன்னொன்றை.
அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்தது.
ஓட்டைக்குள் சுவர் தெரிந்தது.

பதினேழு நாள் ஃபியூஸ் உயிரோடு இருந்தது.
எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது.
இடுப்பில் சாவிக்கொத்து இருப்பதுபோல்
நடந்தாயே என்று
சோல்பொன் பிற்பாடு சொன்னாள்.

பதினெட்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல்.
பற்கள் தந்தியடித்தன.
எங்கள் முறை இல்லை.
தெரியாமல் என்ன, பட்டியல் எனக்கு மனப்பாடம்.
போட்டேன்.

டப்.

பதினொரு கதவு.
நான் இல்லை, என்றது முதல் அறை.
நான் இல்லை, நான் இல்லை என்று
நடைவழியில் அது நகர்ந்து நகர்ந்து
என்னிடம் வந்தது,
நான் எழுதாத ஒரு வரிசையில்.

முகம் தெரியாத இருட்டு.
ஆனால் குரல் தெரியுமே.

"நான்தான்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
ஜிபெக் சிரித்தாள்.
கெட்ட சிரிப்பு இல்லை,
நல்ல சிரிப்பென்றும் சொல்லிவிட முடியாது.
கைப்பேசி வெளிச்சத்தைத் தரையில் பிடித்தபடி
காவலாளியை எழுப்பக் கீழே இறங்கினாள்.
நாலைந்து பேர் பின்னாலேயே போனார்கள்,
கூப்பிடாமல்.

காலையில் பார்த்தால்
பட்டியலின் தலையில் என் பெயர் அடிபட்டிருந்தது.
*இந்த வாரம்: ஜிபெக்.*
பென்சில் இல்லை, நீல மை.
எங்கள் அறைக்கு இரவு பதினொன்று. கடைசி.
அதன் கீழே நெருக்கி எழுதியிருந்தாள்:
*காய்ச்சல் என்றால் கதவைத் தட்ட வேண்டியதுதானே, கழுதை.*

இன்று உதவித்தொகை விண்ணப்பம் ஒன்று வந்திருக்கிறது.
தலைமை அனுபவம்: ஐம்பது சொற்களுக்குள்.
சான்றிதழ் இணைக்கவும்.

"கெட்டில்" என்று எழுதினேன்.
அடித்தேன்.
"தவறு செய்தபோது" என்று தொடங்கினேன்.
அதுவும் பெருமைபோல் ஒலித்தது,
அடித்தேன்.

சோல்பொன் கோப்பைகளைக் கழுவி
எடுத்துவைத்துவிட்டாள்.
மணி பார்த்தேன்.
பத்து ஐம்பத்தெட்டு.

இன்னும் இரண்டு நிமிடம்.