இரண்டாவது நீ

ஜெகதேவி கிரானைட் யூனிட்டில் இரவு ஷிப்ட்.
கேங்சா ஒரு கல்லை அறுத்து முடிக்க
இரண்டு ராத்திரி ஆகும்.
அதுவரை தண்ணீர் விழுகிறதா என்று பார்ப்பதும்
டெலிவரி சலான்களின் பின்பக்கத்தில்
ஆப்பிரிக்கான்ஸ் எழுதுவதும்தான் என் வேலை.

போகப்போகிற குவாரியின் ஃபோர்மேனுக்கு
இங்கிலீஷ் வரும், கோபம் வந்தால் வராதாம்.
ஏஜென்ட் முனிரத்தினம் சொன்னான்.

எக் வெர்க். யெய் வெர்க். ஸெய் வெர்க்.
செய்கிறேன், செய்கிறாய், செய்கிறாள்.
அவர்கள் வினைக்கு வால் கிடையாது.
முன்னால் நிற்கும் ஆளை எடுத்துவிட்டால்
யார் உழைத்தது என்று
வினையைக் கேட்டுப் பயனில்லை,
காண்டிராக்டர் கணக்கு நோட்டைப் போல.

நேற்று நடந்தது தொண்டையில் உரசும்.
எக் ஹெட் ஃகிஸ்டர் ஃகெவெர்க்.
நேற்று வேலை செய்தேன் என்பதற்குள்
இரண்டு முறை காற வேண்டும்.
இது மட்டும் முதல் நாளே வந்துவிட்டது எனக்கு.
பன்னிரண்டு வருஷத்துக் கல்தூள்.

வினைக்கு இரண்டாவது இருக்கை.
கிருஷ்ணகிரி டவுன் பஸ்ஸில்
துண்டு போட்டு இடம்பிடித்தவன் மாதிரி
யார் ஏறினாலும் நகராது.
முதலில் 'நான்' ஏறினால் தொந்தரவில்லை.
'நாளை' ஏறிவிட்டால்
நான் இறங்கி, வினைக்குப் பின்னால் போய் நிற்கணும்.
மோரெ ஃப்ளீஃக் எக்.
நாளை, பறத்தல்,
அதற்கப்புறம்தான் நான்.

ஒரு குறுக்குச் சந்து உண்டு.
'டாட்' என்று ஒரு குட்டிச் சொல்.
அதைத் தாண்டியதும் வினை
பிடித்த இடத்தை விட்டுக் கடைசிக்கு ஓடும், நம் வினை போலவே.
எக் வேட் டாட் யெய் மூஃக் இஸ்.
எனக்குத் தெரியும், நீ களைத்திருக்கிறாய் என்று.
முதல் தடவை படித்தபோது
தூங்கி விழித்து
பர்கூர் கூட்ரோட்டில் இறங்கினது போல் இருந்தது.

நாம், நாங்கள் இரண்டுக்கும் ஓன்ஸ்.
போகிறவர்களும் இருப்பவர்களும் ஒரே சொல்லில்.
அவர்களுக்கு அது வசதி போல.

மாதேஸ்வரிக்கு ஓசூர் கம்பெனி பஸ் நாலு நாற்பதுக்கு.
நான் வீடு வருவது ஆறரைக்கு.
நடுவில் ஜன்னல் கம்பியில் சாவி,
குக்கரில் ஆறின சோறு.
சட்டைப்பையில் கிடக்கும் சலான்களை
துவைக்குமுன் அவள் எடுத்து வைப்பாள்.
படிக்கிறாள் என்பது தெரியாது.

இல்லை என்பதற்கு அவர்கள் சொல், நீ.
நம் நீயேதான், கொஞ்சம் குட்டை.
தூக்கத்துக்கு ஸ்லாப்.
இங்கே நாங்கள் அறுத்து அடுக்குவதும் அதே.
தூங்கவில்லை நான்: எக் ஸ்லாப் நீ.
ஒன்று போதும்.
இங்கே தூங்கவில்லை என்றால் போதாது:
எக் ஸ்லாப் நீ ஹீர் நீ.
ஊர், கிழமை, சோறு, எது கூட வந்தாலும்
கடைசியில் இன்னொரு நீ வைத்துச் சாத்தணும்,
லாரியின் பின்கதவை மாதிரி.
சாத்தாவிட்டால் சரக்கு ரோட்டில்.

ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் சலான் தேடினேன்.
என் வரிகளுக்குக் கீழே
கண்மைப் பென்சிலில், சாய்ந்த கையெழுத்தில்:

யெய் ஸ்லாப் நீ ஹீர்

ஆள் சரி. வினை சரி. இடம் சரி.
"கடைசியில ஒரு நீ விட்டுட்ட" என்றேன்.
அவள் யூனிஃபார்ம் கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.
நூலைப் பல்லால் கடித்தாள்.
"தெரியும்.
ரெண்டு வருஷம் கழிச்சு
வந்து போட்டுக்க."

இன்று அந்தச் சலான் பையில் இருக்கிறது.
கல் பாதி அறுபட்டிருக்கிறது, தண்ணீர் விழுகிறது.
திருப்பினால் முன்பக்கம்:
கறுப்பு, ஸ்லாப் பதினான்கு, ஓரம் உடைந்தது ஒன்று.
பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடத்தில்
புள்ளிக்கோடு மட்டும்.