தானே அடங்கும் கல்

கணபதியில் எங்கள் பட்டறைக்குப்
பெட்டி பெட்டியாக வரும்
பிஸ்கட் துண்டு போலப் பீங்கான் கல்.
அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி
ஒயர் கொடுத்து, ஊதிப் பார்த்து
நான் கையெழுத்துப் போட்டால்தான்
ஹேர் டிரையருக்குள் போகும்.

சூடு ஓர் அளவைத் தாண்டினால்
கரண்டை அதுவே குறைத்துக்கொள்ளும்.
சூப்பர்வைசர் நாச்சிமுத்துவுக்கு
அந்தப் பழக்கமில்லை.

"ஏனுங் பூவாத்தா, மொட்டத் தலைக்கு
இதெல்லாம் எதுக்குங்?"

பழனியில் முடி இறக்கி
இருபத்தோரு நாள்.

ராத்திரி ஷிப்ட்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
ஷட்டர் இடுக்கில் நுழைகிறது.
எண் முந்நூற்றுப் பதினாலை
வழக்கம்போல் முழங்கையில் பிடிக்காமல்
துண்டை விலக்கி
உச்சந்தலையில் பிடித்தேன்.

எள்ளு முளைத்த உயரத்தில்
அத்தனையும் சிலிர்த்து நின்றது.

நோட்டில் எழுதினேன்: சரி.